கணையப் புற்றுநோயும் மைக்ரோ ஆர்என்ஏவும்: ரத்தத்தில் தெரிவது யாருடைய சேதி?

கணையப் புற்றுநோய் வந்தவர்களின் பழைய சீட்டுகளைப் புரட்டினால் பெரும்பாலும் ஒரே கதைதான் வரும். முதலில் மேல்வயிற்றில் ஒரு மந்தம். கேஸ் டிரபுள் என்று தெருமுனை மெடிக்கலில் பேன்டாப்ரஸோல் வாங்கிப் போட்டுக்கொள்வது. அப்புறம் முதுகுவலி, அதற்கு ஒரு எலும்பு டாக்டர். இடையில் சர்க்கரை புதிதாக ஏறியிருக்கும். உடம்பு இளைத்திருக்கும், நடைப்பயிற்சி பலன் கொடுக்கிறது என்று வீட்டில் சந்தோஷப்பட்டிருப்பார்கள். கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் அரிப்பெடுத்து, ஓசூரிலிருந்தோ தருமபுரியிலிருந்தோ பெங்களூருக்கு வந்து சிடி ஸ்கேன் எடுக்கும்போது கட்டி பக்கத்து ரத்தக்குழாயைச் சுற்றி வளைத்திருக்கும். கண்டுபிடிக்கும் நேரத்தில் அறுவை சிகிச்சைக்குத் தோதான நிலையில் இருப்பவர்கள் நூற்றுக்கு 15 முதல் 20 பேர்தான். உலக அளவில் 2022இல் இந்த நோய் புதிதாகக் கண்டறியப்பட்டவர்கள் சுமார் 5.1 லட்சம் பேர். அதே ஆண்டில் இதனால் இறந்தவர்கள் சுமார் 4.67 லட்சம். இரண்டு எண்களும் இவ்வளவு நெருங்கி நிற்கும் புற்றுநோய்கள் அதிகம் இல்லை.

அதனால்தான் ரத்தத்தைப் பார்த்து முன்கூட்டியே சொல்லிவிட முடியுமா என்ற கேள்விக்கு இவ்வளவு மவுசு. இப்போதைக்கு மருத்துவமனைகளில் புழக்கத்தில் இருப்பது சிஏ 19-9 என்ற பரிசோதனை. நோய் உறுதியான ஒருவருக்குச் சிகிச்சை பிடிக்கிறதா என்று பின்தொடர இது நன்றாகவே உதவும். நோயைத் தேடிப் பிடிக்க உதவாது. பித்தப்பாதை அடைத்துக்கொண்டாலும் ஏறும், கணையம் வீங்கினாலும் ஏறும். இன்னொரு பக்கம், லூயிஸ் என்ற ரத்தவகைப் பொருள் உடம்பில் இல்லாதவர்கள் நூற்றுக்கு 5 முதல் 10 பேர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புற்றுநோய் முற்றினாலும் சிஏ 19-9 அசையாது.

இருந்தும் பெங்களூர் அடுக்குமாடிகளில் ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஹெல்த் கேம்ப் பேக்கேஜ்களில் இதையும் சேர்த்துவிடுகிறார்கள். அல்சூரில் இருக்கும் தூரத்து உறவு மாமா ஒருவர் அப்படித்தான் மாட்டிக்கொண்டார். “மாப்ளே, 37க்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கான், எனக்கு 52 காட்டுது. இது அதுதானா?” என்று போனில் கேட்டார். அந்த நோயின் பெயரைச் சொல்லவே இல்லை. ஸ்கேன் பண்ணிப் பார்த்ததில் பித்தப்பைக் கல். தூக்கம் போனதுதான் மிச்சம்.

இந்த பேக்கேஜ்களில் அடுத்து வந்து உட்காரப்போவது மைக்ரோ ஆர்என்ஏ பரிசோதனையாக இருக்கலாம். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவ்வளவு அடிபடுகிறது. அதற்கு முன், இந்தச் சின்ன மூலக்கூறு கணையத்தில் என்ன செய்கிறது, ரத்தத்தில் அதைப் பிடிப்பது ஏன் இவ்வளவு சிக்கல் என்று பார்த்துவிடுவது நல்லது.

கதை ஒரு புழுவில் தொடங்குகிறது. சி. எலிகன்ஸ் என்ற, 1 மில்லிமீட்டர் நீளமே உள்ள மண்புழு வகையல்லாத ஒரு உருளைப்புழு. 1993 டிசம்பரில் ‘செல்’ இதழில் இரண்டு கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. விக்டர் அம்ப்ரோஸ் தன் சகாக்கள் ரோசலிண்ட் லீ, ரோண்டா ஃபைன்பாம் இருவரோடும் எழுதிய கட்டுரை, லின்-4 என்ற மரபணு புரதம் எதையும் செய்வதில்லை, 22 எழுத்து (ஆர்என்ஏ இழையில் வரிசையாகக் கோத்திருக்கும் ரசாயன அலகுகளைத்தான் எழுத்து என்கிறோம்) நீளமுள்ள குட்டி ஆர்என்ஏ ஒன்றைத்தான் செய்கிறது என்றது. கேரி ரவ்குன் குழுவின் கட்டுரை, அந்தக் குட்டி ஆர்என்ஏ லின்-14 மரபணுவின் தூது ஆர்என்ஏ (புரதம் செய்யச் சொல்லும் உத்தரவைச் சுமந்துபோகும் நகல்) வாலில் ஓரளவு பொருந்தி ஒட்டிக்கொண்டு, புரத உற்பத்தியைக் குறைக்கிறது என்று காட்டியது. இந்த வகைக் குட்டி ஆர்என்ஏதான் மைக்ரோ ஆர்என்ஏ. புழுவுக்கு மட்டும் உரிய விநோதம் என்று உலகம் அதை ஓரமாக வைத்துவிட்டது. 2000இல் ரவ்குன் ஆய்வகம் லெட்-7 என்ற இன்னொன்றைக் கண்டுபிடித்தது. அது மனிதர் வரை பல விலங்குகளில் எழுத்து மாறாமல் இருப்பது தெரிந்த பிறகுதான் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அம்ப்ரோஸுக்கும் ரவ்குனுக்கும் நோபல் பரிசு வந்தது 2024இல்.

இது உருவாகும் விதம் சுருக்கமாக இப்படி. செல்லின் உட்கருவில் டிஎன்ஏவிலிருந்து ஒரு நீண்ட ஆர்என்ஏ படியெடுக்கப்படுகிறது. அது தன் மேலேயே மடிந்து கொண்டை ஊசி போல நிற்கிறது. ட்ரோஷா என்ற நொதி அதைச் சுமார் 70 எழுத்துக்கு நறுக்குகிறது. உட்கருவைத் தாண்டி வெளியே வந்ததும் டைசர் என்ற இன்னொரு நொதி 22 எழுத்து அளவுக்குக் கத்தரிக்கிறது. அந்தத் துண்டின் ஒரு இழையை ஆர்கோநாட் என்ற புரதம் பிடித்துக்கொள்கிறது. இழையின் இரண்டாவது எழுத்திலிருந்து எட்டாவது எழுத்து வரை இருக்கும் பகுதிதான் முக்கியம். எந்தத் தூது ஆர்என்ஏவின் வாலில் அந்த ஏழு எழுத்துக்கு ஜோடி இருக்கிறதோ, அங்கே போய் ஆர்கோநாட் உட்காரும். உட்கார்ந்தால் அந்தத் தூது ஆர்என்ஏவிலிருந்து புரதம் வருவது குறையும், அல்லது தூது ஆர்என்ஏவே சிதைந்துபோகும்.

ஏழு எழுத்துப் பொருத்தம் என்பது பெரிய நிபந்தனை இல்லை. அதனால் ஒரே மைக்ரோ ஆர்என்ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களின் மேல் கை வைக்க முடிகிறது. புரதம் செய்யும் மனித மரபணுக்களில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு மைக்ரோ ஆர்என்ஏவின் கட்டுப்பாட்டில் இருக்கின்றன. ஆனால் ஒவ்வொன்றின் மேலும் விழும் அழுத்தம் கொஞ்சம்தான். பெரும்பாலும் புரத அளவு இரண்டு மடங்குகூட மாறுவதில்லை. பெங்களூரில் குடியிருப்பவர்களுக்கு வால்வுமேனைத் தெரியும். காவிரித் தண்ணீரை உற்பத்தி செய்வதும் அவர் இல்லை, பம்பை நிறுத்துவதும் அவர் இல்லை. சைக்கிளில் வந்து ஒரு இரும்புக் கம்பியால் வால்வை நாலு சுற்றுத் திருப்பிவிட்டுப் போவார். அந்த நாலு சுற்றில் ஒரு தெருவுக்கு இல்லை, பத்துத் தெருவுக்குத் தண்ணீர் வரும் வேகம் மாறும். மைக்ரோ ஆர்என்ஏவின் அதிகாரம் அந்த மாதிரியானது.

புற்றுநோயோடு இதற்குச் சம்பந்தம் உண்டு என்று முதலில் காட்டியது 2002இல் கார்லோ குரோச்சேவின் குழு. நாள்பட்ட லிம்ஃபோசைட் ரத்தப் புற்றுநோயில் 13ஆம் குரோமோசோமில் ஒரு துண்டு அடிக்கடி காணாமல் போகும். அந்தத் துண்டில் எந்தப் புற்றுத்தடுப்பு மரபணு இருக்கிறது என்று தேடினார்கள். அங்கே இருந்தவை மிர்-15, மிர்-16 என்ற இரண்டு மைக்ரோ ஆர்என்ஏக்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு புற்றுநோயிலும் எவை ஏறியிருக்கின்றன, எவை இறங்கியிருக்கின்றன என்று பட்டியல் போடும் வேலை மும்முரமாக நடந்தது. கணையமும் அதில் வந்தது.

கணையப் புற்றுநோயில் பத்துக்கு ஒன்பது, செரிமான நீரைக் கொண்டுபோகும் நாளங்களைச் சார்ந்த வகை. அவற்றில் 90 சதவீதத்துக்கு மேல் கேராஸ் என்ற மரபணு பழுதாகியிருக்கும். வளர்ச்சிக்கான உத்தரவு வந்தால் விழித்து, முடிந்ததும் அணைய வேண்டிய புரதம் அது; பழுதானதும் அணையாமல் எரிந்துகொண்டே இருக்கிறது. பி53, ஸ்மாட்-4, சிடிகேஎன்2ஏ ஆகிய மூன்று காவல் மரபணுக்களும் வழியில் ஒவ்வொன்றாக உதிர்கின்றன. மைக்ரோ ஆர்என்ஏக்கள் இந்த நால்வரோடும் பின்னிப் பிணைந்தே வேலை செய்கின்றன.

மிர்-21 ஏறக்குறைய எல்லாப் பட்டியலிலும் ஏறியதாக வரும். செல்லை அடக்கி வைக்கும் பிடென், பிடிசிடி-4 ஆகிய புரதங்களை அது குறைக்கிறது. ஜெம்சிடபைன் மருந்து எடுபடாமல் போவதோடும் அதைத் தொடர்புபடுத்தியிருக்கிறார்கள். மிர்-155, பி53க்குத் துணைபோகும் ஒரு புரதத்தை மட்டுப்படுத்துகிறது. மிர்-210, ஆக்ஸிஜன் பற்றாத இடத்தில் ஏறுவது. கணையக் கட்டியின் உள்ளே ஆக்ஸிஜன் பற்றாக்குறை சகஜம் என்பதால் அங்கேயும் ஏறுகிறது. மிர்-200 குடும்பத்துக்கும் ஸெப்-1 என்ற புரதத்துக்கும் தீராத பகை. ஒன்று ஓங்கினால் மற்றது அடங்கும். ஸெப்-1 ஓங்கிவிட்டால் செல் பக்கத்துச் செல்லோடு கொண்ட ஒட்டுதலை அறுத்துக்கொண்டு நகரத் தொடங்குகிறது. கணையப் புற்றுநோய் சீக்கிரமே கல்லீரலுக்குப் பரவுவதை விளக்கும்போது இந்தப் பகையைச் சொல்லாமல் முடிவதில்லை.

எனக்கு இவற்றில் பிடித்தது மிர்-143, மிர்-145 கதை. ஜோஷுவா மென்டெலின் ஆய்வகம் 2010இல் வெளியிட்டது. இந்த இரண்டும் டிஎன்ஏவில் அடுத்தடுத்து இருப்பவை, சேர்ந்தே உருவாகுபவை. கேராஸ் பழுதாகி எரியத் தொடங்கியதும் ஆர்ஆர்இபி-1 என்ற புரதத்தை முடுக்கிவிடுகிறது. அது நேராகப் போய் மிர்-143, மிர்-145 உற்பத்தியை அமுக்குகிறது. இந்த இரண்டின் இயல்பான வேலையே கேராஸையும் ஆர்ஆர்இபி-1ஐயும் மட்டுப்படுத்துவதுதான். ஆக, கேராஸ் தன்னைத் தட்டிக் கேட்கும் ஆட்களையே முதலில் வேலையை விட்டுத் தூக்கிவிடுகிறது. அவர்கள் இல்லாததால் கேராஸ் இன்னும் ஓங்குகிறது. வளையம் மூடிக்கொண்டது. அந்த இரண்டையும் கணையப் புற்றுச் செல்களில் திரும்பச் செலுத்தியபோது, எலிகளில் அவை கட்டியாக வளரும் திறன் போய்விட்டது.

இவ்வளவு அழகான வளையத்துக்குப் பிறகு ஒரு திருப்பம். 2014இல் அதே மென்டெலின் குழு குடலில் இந்த இரண்டும் எங்கே இருக்கின்றன என்று துல்லியமாகப் பார்த்தது. புற்றுநோய் கிளம்பும் குடல் உட்சுவர்ச் செல்களில் இவை இல்லை. அடியில் இருக்கும் தசை, நார்த்திசுச் செல்களில்தான் இருந்தன. குடல் கட்டியில் மிர்-145 குறைந்துவிட்டது என்று அதுவரை நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். கட்டியில் உட்சுவர்ச் செல்கள் பெருகி, நார்ச் செல்களின் விகிதம் குறைந்தாலே அளவுகோலில் அது குறைந்ததாகத்தான் தெரியும். எந்தச் செல்லும் எதையும் குறைத்திருக்க வேண்டியதில்லை. 2010இன் கணையச் சோதனைகள் செல்களில் நேரடியாகச் செய்யப்பட்டவை, இதனால் அவை பொய்யாகிவிடவில்லை. ஆனால் மொத்தக் கட்டியை அரைத்து அளந்து எழுதப்பட்ட கட்டுரைகள் எல்லாவற்றையும் இன்னொரு முறை சந்தேகத்தோடு படிக்க வேண்டியதாயிற்று.

கணையத்தில் இந்தச் சந்தேகம் மற்ற உறுப்புகளைவிட அதிகம் பொருந்தும். கணையக் கட்டியை வெட்டி மைக்ரோஸ்கோப்பில் பார்த்தால் பெரும்பகுதி நார்த்திசுதான். புற்றுச் செல்கள் நடுவில் அங்கங்கே தீவு தீவாகக் கிடக்கும். மிர்-21 புற்றுச் செல்லிலும் இருக்கிறது, சுற்றியுள்ள நார்ச் செல்களிலும் இருக்கிறது. கட்டியில் மிர்-21 ஏறியிருக்கிறது என்றால் யார் ஏற்றியது? அதே போல மிர்-217, மிர்-216 இரண்டும் நலமான கணையத்தில் ஏராளமாக இருந்து, கட்டியில் காணாமல் போகின்றன. மிர்-217 கேராஸை அடக்கும் என்று செல் சோதனைகள் காட்டுவது உண்மை. ஆனால் அது ஏராளமாக இருப்பது செரிமான நொதி சுரக்கும் செல்களில். கட்டி வளர வளர அந்தச் செல்களே அழிந்துபோகின்றன. செல் போனால் அதனுள் இருந்த மைக்ரோ ஆர்என்ஏவும் போகும். காரணம் எது, விளைவு எது என்று பட்டியலைப் பார்த்து மட்டும் சொல்லிவிட முடியாது.

சரி, இவை இறங்கியதுதான் பிரச்சினை என்றால் செயற்கையாகச் செய்து மருந்தாகக் கொடுத்தால் என்ன? கொடுத்துப் பார்த்தார்கள். பி53 முடுக்கிவிடும் மிர்-34ஏ பல புற்றுநோய்களில் குறைந்திருப்பது தெரிந்ததும், அதன் செயற்கை வடிவத்தைக் கொழுப்புத் துகளுக்குள் வைத்து எம்ஆர்எக்ஸ்34 என்ற பெயரில் 2013இல் மனிதச் சோதனையைத் தொடங்கியது ஒரு அமெரிக்க நிறுவனம். கல்லீரல் புற்றுநோய் உட்படப் பலவகைப் புற்றுநோய் உள்ளவர்கள் சேர்க்கப்பட்டார்கள். நோய் எதிர்ப்பு மண்டலம் கடுமையாகப் பொங்கி, அதனால் நான்கு பேர் இறந்தார்கள். 2016இல் சோதனை நிறுத்தப்பட்டது. மைக்ரோ ஆர்என்ஏ ஒன்றை மருந்தாக்கி மனிதருக்குக் கொடுத்த முதல் புற்றுநோய் முயற்சி அது. பத்துத் தெருவின் தண்ணீரை ஒரே சமயத்தில் மாற்றினால் என்ன ஆகும் என்று முன்கூட்டி யாராலும் முழுசாகச் சொல்ல முடியவில்லை.

ஒரே இலக்கை மட்டும் குறிவைக்கும் குட்டி ஆர்என்ஏ வேறு ரகம். கேராஸில் ஜி12டி என்ற குறிப்பிட்ட பழுதை மட்டும் அணைக்கும் ஆர்என்ஏவைக் கரையும் பாலிமரில் பொதிந்து, எண்டோஸ்கோப் வழியாகக் கட்டிக்குள்ளேயே ஊசியால் வைக்கும் முறையை இஸ்ரேலில் முயன்றார்கள். 2015இல் வெளியான அறிக்கையில் இருந்தவர்கள் 15 பேர். பெரிய ஆபத்து இல்லாமல் கொடுக்கலாம் என்பது வரை தெரிந்தது. இதற்கிடையே கேராஸையே நேரடியாகப் பிடிக்கும் மாத்திரைகள் வந்துவிட்டன. 2021இல் நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதி பெற்ற சோட்டோராசிப், ஜி12சி என்ற பழுதுக்கு உரியது. கணையத்தில் அந்தப் பழுது நூற்றுக்கு ஓரிருவருக்குத்தான் இருக்கும். பலவகைப் பழுதுகளையும் சேர்த்துப் பிடிக்கும் டராக்சான்ராசிப் கணையப் புற்றுநோயில் மூன்றாம் கட்டச் சோதனை வரை வந்தது. மருந்து என்ற கோணத்தில் இப்போதைக்கு மைக்ரோ ஆர்என்ஏவைவிட இந்த மாத்திரைகள் பக்கம்தான் என் நம்பிக்கை சாய்கிறது.

மைக்ரோ ஆர்என்ஏவுக்கு மிச்சமிருக்கும் பெரிய ஆசை, ரத்தப் பரிசோதனை. ஆர்என்ஏ என்றாலே பட்டென்று சிதையும் பொருள். ஆனால் மைக்ரோ ஆர்என்ஏக்கள் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மாவில் சிதையாமல் நிற்கின்றன என்று 2008இல் தெரியவந்தது. புரதங்களோடு ஒட்டிக்கொண்டோ, செல்கள் வெளியே துப்பும் நுண்பைகளுக்குள் பதுங்கியோ தப்பித்துக்கொள்கின்றன. அப்படியானால் கணையக் கட்டி உதிர்ப்பதையும் கைநரம்பில் எடுத்த ரத்தத்தில் பிடிக்கலாமே?

இங்கே ஆய்வக மேஜைக்கு வர வேண்டும். எங்கள் லேபில் வேலூர்க்கார அக்கா ஒருவர் இருக்கிறார். இந்திராநகரிலும் பன்னர்கட்டா ரோட்டிலும் எடுத்த ரத்தம் ஐஸ் பெட்டியில், பைக்கில், டிராஃபிக்கில் குலுங்கி வந்து சேரும். ஊதா மூடி போட்ட குழாய்தான் வேண்டும். பச்சை மூடிக் குழாயில் ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபாரின் இருக்கும், அது பிசிஆரை, அதாவது துளி ஆர்என்ஏவையும் பல மடங்கு பெருக்கி அளக்கும் சோதனையை, கெடுத்துவிடும். குழாயைச் சுழற்றிப் பிரித்ததும் அக்கா அதைத் தூக்கி வெளிச்சத்துக்கு நேராகப் பிடிப்பார். மேலே நிற்கும் பிளாஸ்மா வைக்கோல் நிறத்தில் இருந்தால் அடுத்த வேலை. லேசாக ரோஸ் தட்டினால், “இது உடைஞ்சிருச்சு, வேணாம், வேற எடுக்கச் சொல்லுங்க” என்று ஓரமாக வைத்துவிடுவார். உடைந்தது சிவப்பணு. சிவப்பணுக்களுக்குள் மிர்-16, மிர்-451, மிர்-486 கொட்டிக் கிடக்கின்றன. நரம்பு கிடைக்காமல் ஊசியை அங்கேயும் இங்கேயும் குத்தி எடுத்திருந்தாலோ, குழாய் அதிகம் குலுங்கியிருந்தாலோ அவை பிளாஸ்மாவில் கலந்துவிடும். கண்ணுக்கு ரோஸ் தெரியாத அளவு உடைந்திருந்தாலும் பிசிஆருக்குத் தெரியும்.

பிளேட்லெட் அடுத்த தொல்லை. மிர்-21, மிர்-223, மிர்-126 எல்லாம் அவற்றில் தாராளம். ஒரு தரம் மட்டும் சுழற்றிய பிளாஸ்மாவில் பிளேட்லெட் மிஞ்சியிருக்கும். இரண்டாம் தரம் வேகமாகச் சுழற்றினால் எண்கள் வேறு. ஒரே நோயாளி, ஒரே ரத்தம், இரண்டு லேபில் இரண்டு முடிவு. பத்தாததற்கு, மற்றவற்றை ஒப்பிட்டு அளக்க நிலையான அளவுகோல் என்று பல ஆண்டு பயன்படுத்திய மிர்-16 தானே சிவப்பணு உடைந்தால் ஏறுவது. அதனால் வெளியிலிருந்து ஒரு குறிப்பிட்ட அளவு அந்நிய ஆர்என்ஏவைக் கலந்து அதை வைத்து அளவைச் சரிபார்க்கிறார்கள். பெரும்பாலும் கலப்பது சி. எலிகன்ஸ் புழுவின் மிர்-39. மனித உடம்பில் அது கிடையாது என்பதுதான் காரணம்.

புற்றுநோயைக் காட்டும் மைக்ரோ ஆர்என்ஏக்கள் என்று அறிவிக்கப்பட்டவற்றைத் திரட்டி 2012இல் ஒரு ஆய்வு சரிபார்த்தது. பெரும்பாலானவை ரத்தச் செல்களிலேயே ஏராளமாக இருப்பவை என்று தெரிந்தது. கட்டியின் சேதி என்று நினைத்துப் படித்தது, ரத்தச் செல்களின் சேதியாக இருந்திருக்கலாம்.

இந்தத் தலைப்பில் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுவது டென்மார்க் ஆய்வு, 2014இல் ‘ஜாமா’ இதழில் வந்தது. கணையப் புற்றுநோயாளிகள் 409 பேர், நலமானவர்கள் 312 பேர், நாள்பட்ட கணைய அழற்சி உள்ளவர்கள் 25 பேர். பிளாஸ்மாவைப் பிரிக்காமல் முழு ரத்தத்திலேயே அளந்து, நான்கு மைக்ரோ ஆர்என்ஏ கொண்ட ஒரு தொகுப்பையும் பத்து கொண்ட இன்னொன்றையும் முன்வைத்தார்கள். சிஏ 19-9ஓடு சேர்த்துப் பார்த்தால் துல்லியம் கூடியது. இதை ஸ்கிரீனிங்குக்கு, அதாவது அறிகுறி இல்லாதவர்களிடம் நோயைத் தேடுவதற்கு, பயன்படுத்தலாமா என்று இன்னும் ஆராய வேண்டும் என்று அவர்களே அடக்கமாக முடித்துக்கொண்டார்கள். அந்த 25 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நோயைக் காட்டிக்கொடுக்கும் பொருள்களை, அதாவது குறிப்பான்களை, பட்டியல் போடுவதில் பெங்களூருக்கும் பங்கு உண்டு. ஒயிட்ஃபீல்டில் இருக்கும் இன்ஸ்டிட்யூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேடிக்ஸ் 2009இல், அதுவரை வந்த கட்டுரைகளை எல்லாம் கையால் சலித்து, கணையப் புற்றுநோயில் அதிகம் வெளிப்படும் மரபணுக்கள் என்று 2,516ஐத் தொகுத்தது. அது மைக்ரோ ஆர்என்ஏ பட்டியல் இல்லை, தூது ஆர்என்ஏவும் புரதமும் சார்ந்தது. அவ்வளவு நீளப் பட்டியலில் இருந்தும் தினசரி மருத்துவத்தில் சிஏ 19-9ஐ ஓரங்கட்டும் பரிசோதனை எதுவும் வரவில்லை. பட்டியலில் இடம்பிடிப்பது சுலபம், நோயாளி முன்னால் நிற்பது கஷ்டம்.

லேப் சிக்கல்கள் எல்லாம் தீர்ந்து, அருமையான பரிசோதனை ஒன்று வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நோய் உள்ள 100 பேரில் 90 பேரைப் பிடிக்கும், நோய் இல்லாத 100 பேரில் 95 பேரைச் சரியாக விட்டுவிடும். 50 வயது தாண்டிய 1 லட்சம் பேரைச் சோதிக்கிறோம். அவர்களில் 10 பேருக்கு நோய் இருப்பதாக ஒரு கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். பிடிபடுவது 9 பேர். கூடவே, நோயே இல்லாமல் பாசிட்டிவ் வருபவர்கள் சுமார் 5,000 பேர். கையில் பாசிட்டிவ் ரிப்போர்ட் வைத்திருப்பவர்களில் சுமார் 556 பேருக்கு ஒருவருக்குத்தான் நோய். மற்றவர்கள் எல்லோரும் எம்ஆர்ஐ, எண்டோஸ்கோப் அல்ட்ராசவுண்டு என்று அலைய வேண்டும். சிலருக்குக் கணையத்தில் ஊசி குத்த வேண்டிவரும். ஹெல்த் கேம்ப் துண்டறிக்கையில் ‘90 சதவீதம் துல்லியம்’ என்று போட்டால் அது பொய்யும் ஆகாது, இந்தக் கணக்கைச் சொல்லவும் சொல்லாது. அறிகுறி இல்லாத பொதுமக்களுக்குக் கணையப் புற்றுநோய் ஸ்கிரீனிங் வேண்டாம் என்று அமெரிக்காவின் தடுப்புச் சேவைப் பணிக்குழு 2019இலும் திரும்பச் சொன்னது இதனால்தான்.

பரிசோதனையை மாற்றாமல் ஆட்களை மாற்றினால் கணக்கும் மாறும். சுரேஷ் சாரியின் குழு 2005இல் அமெரிக்காவில் ஒன்று கண்டது. 50 வயதுக்குப் பிறகு புதிதாகச் சர்க்கரை நோய் வந்த 2,122 பேரில் 18 பேருக்கு மூன்று ஆண்டுக்குள் கணையப் புற்றுநோய் தெரியவந்தது, 0.85 சதவீதம். சர்க்கரையே கட்டியின் முதல் அறிகுறியாக வந்திருக்கிறது. அப்படிப்பட்ட 1 லட்சம் பேரில் 850 பேருக்கு நோய். அதே பரிசோதனை 765 பேரைப் பிடிக்கும், தவறாகச் சுட்டுவது சுமார் 4,960 பேரை. இப்போது பாசிட்டிவ் வந்த ஏழெட்டுப் பேரில் ஒருவருக்கு நோய் இருக்கும். இது மருத்துவர் மேஜையில் வைத்துப் பேசக்கூடிய எண். ஆனால் நம் ஊரில் நாற்பதிலேயே சர்க்கரை வருகிறது, குடும்பத்தில் பாதிப் பேருக்கு வருகிறது. அமெரிக்க 0.85ஐ அப்படியே இங்கே போட முடியாது. ஐம்பதைத் தாண்டி, குடும்பத்தில் யாருக்கும் இல்லாமல், எடை குறைந்துகொண்டே புதிதாக வரும் சர்க்கரைதான் இங்கே கவனிக்க வேண்டியது. சாதாரணமாகச் சர்க்கரை எடை கூடும் காலத்தில் வருவது. எடை இறங்கும்போது வந்தால் கேள்வி கேட்க வேண்டும்.

இதே சாரி அதற்கு முன்பே, 1994இல், சென்னை மருத்துவர்களோடு சேர்ந்து வெளியிட்ட ஓர் ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் காணப்படும் வெப்பமண்டலக் கணைய அழற்சி பற்றியது. குடிப்பழக்கம் காரணமில்லை. சின்ன வயதில் வயிற்றுவலி, வாலிபத்தில் சர்க்கரை, வயிற்றை எக்ஸ்ரே எடுத்தாலே கணைய நாளத்தில் கற்கள் வரிசையாகத் தெரியும். ஸ்பிங்க்-1 என்ற மரபணுவில் ஒரு மாற்றம் பலருக்கு இருக்கிறது. கேரளத்தின் மருத்துவர் கீவர்கீஸ் இந்த நோயை விரிவாக எழுதிவைத்தவர். சாரியின் ஆய்வில் இப்படிப்பட்ட 185 பேரைச் சராசரியாக நாலரை ஆண்டு பின்தொடர்ந்தார்கள். 24 பேர் இறந்தார்கள். அதில் 6 பேர் கணையப் புற்றுநோயால். பொதுமக்களோடு ஒப்பிட்டால் ஆபத்து சுமார் 100 மடங்கு. ஆறே மரணங்களை வைத்துப் போட்ட கணக்கு, அதனால் அந்த 100 முன்னே பின்னே நிறைய நகரும். இருந்தாலும் திசை சந்தேகத்துக்கு இடமில்லாதது.

பரிசோதனை உண்மையில் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். ஸ்கேனில் கணையம் ஏற்கெனவே சுருங்கி, கல்லும் தழும்புமாகக் கிடக்கும். அதற்குள் 1 சென்டிமீட்டர் கட்டி புதிதாக முளைத்தால் நல்ல ரேடியாலஜிஸ்டும் தடுமாறுவார். மைக்ரோ ஆர்என்ஏ கைகொடுக்க வேண்டிய இடம் இது. ஆனால் மிர்-21, மிர்-155 போன்றவை அழற்சியிலும் ஏறும், தழும்பிலும் ஏறும். நலமான ரத்த தானக்காரரையும் புற்றுநோயாளியையும் பிரித்துக் காட்டுவது இங்கே பயன்படாது. பத்து ஆண்டாகப் புண்பட்ட கணையத்தையும் அதில் புதிதாகக் கிளம்பிய புற்றையும் பிரித்துக் காட்ட வேண்டும். டென்மார்க் ஆய்வில் அந்த ஒப்பீட்டுக்கு இருந்தவர்கள் 25 பேர். மேற்கே நாள்பட்ட கணைய அழற்சிக்குப் பெரிய காரணங்கள் மதுவும் புகையும். நம் வகையில் நோய் தொடங்கும் வயதும் போக்கும் வேறு.

இந்தக் கேள்விக்கு விடை வேண்டுமானால் நம் நோயாளிகளின் ரத்தத்தை, ஒரே மாதிரி குழாயில், ஒரே மாதிரி சுழற்றி, புற்று வருவதற்கு முன்பிருந்தே ஆண்டுக்கு ஒரு தரம் சேமித்து உறையவைத்துக்கொண்டு வர வேண்டும். பிறகு யாருக்குப் புற்று வந்ததோ அவருடைய பழைய குழாய்களைத் திறந்து, எப்போது எந்த எண் மாறத் தொடங்கியது என்று பின்னோக்கிப் பார்க்க வேண்டும். வேலை பத்துப் பதினைந்து ஆண்டு பிடிக்கும். அதுவரை, கணையத்தில் கல் இருப்பது தெரிந்த ஒருவருக்கு அடங்கியிருந்த வலி வேறு மாதிரி திரும்பினாலோ, காரணமில்லாமல் எடை விழுந்தாலோ, கண் மஞ்சளானாலோ, எந்தக் குறிப்பானுக்கும் காத்திருக்காமல் அந்த வாரமே சிடி எடுத்துவிடுவதுதான் முறை.